சீட்டுக்குத் தேய்மானம் இல்லை

காட்டிலும் மேட்டிலும் ஏறக்கூடிய அந்தச் சொகுசு வண்டி புதிதாக வந்தபோது, விலையைக் கேட்டு வாயைப் பிளக்காத ஆள் இல்லை. ஆறே வருடத்தில் விலை பாதியாக இறங்கி, பழைய வண்டி விற்பவரின் முற்றத்தில் நின்றது. தோட்டம் தோட்டமாகப் போய்த் தண்ணீர் பம்ப் மாட்டும் பம்ப்காரருக்கு அதைப் பார்த்ததும் தூக்கம் போயிற்று. சேற்றில் சிக்கிய தன் வேனைத் தள்ளித் தள்ளியே அவருக்குத் தோள் இறங்கியிருந்தது.

வாங்கப் போவது இருவர் சேமிப்பில். அவர் மனைவி வீட்டுக்குப் பின்னால் இரண்டு மெஷின் போட்டு கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவள். சொந்தக்காரர்கள் கேட்டால், “சும்மா இருக்க முடியாம ஏதோ தைக்கிறா” என்பார் பம்ப்காரர். அந்த ‘ஏதோ’வின் மேல்தான் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் உட்கார்ந்து போகிறார்கள் என்று அவள் சொல்லிக்காட்டியதில்லை. வலிக்கும், அவ்வளவுதான்.

வண்டியை மதிப்பிட டார்ச் அண்ணனைக் கூட்டி வந்திருந்தார்கள். பட்டப்பகலிலும் டார்ச் இல்லாமல் நகராத மனிதர். முப்பது வருடமாக வண்டிகளுக்குத் தேய்மானம் சொல்கிறவர். அடியில் படுத்துத் துரு பார்த்தார், டயரைத் தடவினார், கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டை அமுக்கினார். மீட்டர் நாற்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர் காட்டியது. சீட் கம்பெனி போட்டபடி அப்படியே இருக்கிறது, ஆகவே ஓட்டம் குறைவுதான், விலையில் பெரிதாகக் கழிக்க ஒன்றுமில்லை என்று எழுதினார். விற்பவர் கேட்ட விலை ஆடாமல் அசையாமல் நின்றது. பம்ப்காரர் முன்பணத்துக்காகப் பைக்குள் கையை விட்டுவிட்டார்.

மனைவி ஒருதரம் உட்கார்ந்து பார்க்கலாமே என்று ஏறினாள். பழக்கதோஷத்தில் விரல் சீட்டின் அடிவிளிம்புக்குப் போனது. மூலை திரும்பும் இடத்தில் மூன்று தையல் பின்னால் போய், மறுபடி முன்னால் வந்திருந்தது. கம்பெனி மெஷின் அப்படித் திரும்பாது. அவள்தான் திரும்புவாள்.

முதலில் வந்தது சந்தோஷம். டார்ச் அண்ணனே கம்பெனி வேலை என்று எழுதிவிட்டாரே! தலை கூரையில் முட்டாத குறை. அதன் பின்னாலேயே ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு ஒரு பட்டறையிலிருந்து இந்தச் சீட்டை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தார்கள். உள்ளே ஃபோம் சப்பையாகி, கதவோர லெதர் நூல் நூலாகப் பிய்ந்திருந்தது. நாற்பத்தெட்டாயிரத்தில் எந்தச் சீட்டும் அப்படி ஆகாது. வாயை மூடிக்கொண்டால் அவள் வேலை கம்பெனி வேலையாகவே இருந்துவிடும், ஆனால் சேமிப்பு போய்விடும்.

“அண்ணே, இது கம்பெனி சீட் இல்ல. நான் தைச்சது,” என்றாள்.

விற்பவர் சிரித்தார். வீட்டில் தைத்தால் இப்படி வருமா என்று கேட்டார். அவள் இந்த மூலையைக் காட்டினாள், பக்கத்துச் சீட்டின் மூலையையும் காட்டினாள். டார்ச் அண்ணன் மண்டியிட்டு வெளிச்சம் அடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், வண்டிக்குள் பதிவான கணக்குகளைப் படிக்கும் தன் கருவியைக் கொண்டுவந்து மாட்டினார். மீட்டரைத் திருத்தியவர்கள், கியர்பாக்ஸில் தனியாகப் பதிவாகும் ஓட்டக் கணக்கை மறந்திருந்தார்கள். ஒரு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர் என்றது அது.

“இதை முதல்லயே மாட்டியிருக்கணும்மா. உன் சீட்டப் பார்த்துட்டுத்தான் தேவையில்லன்னு விட்டேன். முப்பது வருஷத்துல என்னை யாரும் இப்படி ஏமாத்தினதில்ல.”

அதை அவர் மரியாதையாகத்தான் சொன்னார், அவளும் அப்படியே வாங்கிக்கொண்டாள். தன்னிடம் வந்தபோதே மீட்டர் இப்படித்தான் இருந்தது என்று விற்பவர் முணுமுணுத்தார். பேச்சில் சுருதி இறங்கியிருந்தது.

டார்ச் அண்ணன் புதுத் தாள் எடுத்தார். ஓட்டத்துக்கு ஒரு கழிவு, கியர்பாக்ஸுக்கு ஒன்று, சீக்கிரம் மாற்றவேண்டிய சஸ்பென்ஷனுக்கு ஒன்று. விலை மளமளவென்று இறங்கியது. சட்டகம் உறுதி, என்ஜின் நல்ல என்ஜின், இந்த விலைக்குத் தாராளமாக வாங்கலாம் என்றார். விற்பவரும் வேறு வழியின்றித் தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்தபோது, கம்பெனி சீட்டை மாற்றியிருந்தால் அதற்கும் கழிக்க வேண்டும், அதுதான் வழக்கம் என்று பேனாவைத் தாளில் வைத்தார்.

“மத்ததுக்கெல்லாம் கழிங்கண்ணே,” என்றாள் அவள். “சீட்டுக்குக் கழிக்காதீங்க.”

பேனா நின்றது. கழித்தால் மிச்சமாவது அவர்கள் பணம்தான். பத்துக் காசுக்கு அரைமணி நேரம் பேரம் பேசும் பம்ப்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு டார்ச் அண்ணன் பக்கம் திரும்பினார்.

“கழிக்காதீங்க. இவ தைச்சது. அதுக்கு முழு விலையும் குடுத்துத்தான் எடுக்கிறோம்.”