இயந்திரத்தின் மேல் நின்ற கூரை

அந்த வருஷம் மினசோட்டாவில் போலியோ பெரியவர்களையும் விடவில்லை. ஆகஸ்டில் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் கண் விழித்தபோது கழுத்துவரை ஓர் இரும்பு உருளைக்குள் கிடந்தேன். தலை மட்டும் வெளியே. மூச்சை எனக்காக அந்த இயந்திரம்தான் இழுத்தது, அதுதான் விட்டது. அது மூச்சை விடும்போது மட்டுமே என்னால் பேச முடியும். இழுக்கும்போது வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். முகத்துக்கு மேலே சாய்த்து மாட்டிய கண்ணாடியில்தான் உலகத்தைப் பார்த்தேன்.

அதற்கு முன் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் வரைபடம் போடும் வேலை. விரல் பருமன் மரக்கட்டைகளை அடுக்கிக் குழந்தைகள் வீடு கட்டும் பெட்டி எங்களுடையது. சுவர் நன்றாக நிற்கும். கூரைதான் தொல்லை. இரண்டு முக்கோணச் சுவர்கள்மேல் பச்சை நிற மரப் பட்டைகளைச் சும்மா வைப்போம், மேசை அசைந்தால் சரிந்துவிடும். அதைச் சரிசெய்யும் பொறுப்பை முதலாளி கெட்லர் என்னிடம் கொடுத்திருந்தார். பாதியில் படுத்துவிட்டேன்.

தொழிற்சாலையில் மரம் அறுக்கும் ஆரின் டெஷ் ஞாயிறுதோறும் என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வருவார். அக்டோபரில் ஒருநாள் மாதிரி வீட்டோடு வந்து, வைக்க இடம் தேடி, கடைசியில் என் இயந்திரத்தின் மேலேயே வைத்தார். இரண்டு மூச்சுக்குள் கூரை சரிந்து தரையில் கொட்டியது.

"மன்னிச்சுக்க வெர்னா, எடுத்துடறேன்."

"வேண்டாம்," என்றேன். மூச்சு உள்ளே போனது. காத்திருந்தேன். "அங்கயே இருக்கட்டும். இதைவிட மோசமா எந்த மேசையும் ஆடாது."

பக்கத்து இயந்திரத்தில் திருமதி பிராட்லி, மாட்டுப் பண்ணைக்காரி. "நல்லா இருக்குடி. மெஷின் சத்தம் பத்தாதுன்னு இனிமே இதையும் கேட்டுத் தூங்கணுமா?" என்றாள்.

நான் சொல்லச் சொல்ல ஆரின் படம் போட்டுக்கொண்டு போவார், அடுத்த ஞாயிறு செய்து கொண்டுவருவார். முதலில் சுவரின் சரிவில் படிபோல வெட்டினோம். பட்டைகள் துள்ளித் துள்ளி வெளியே வந்தன. பிறகு ஒவ்வொரு பட்டையின் அடியிலும் நீளப் பள்ளமாக ஒரு காடி எடுக்கச் சொன்னேன். மேல் பட்டை கீழ்ப் பட்டையைக் கவ்விக்கொள்ளும். உச்சியில் எல்லாவற்றையும் அழுத்திப் பிடிக்க ஒரு முகட்டுக் கட்டை. வாரம் முழுக்க எனக்கு அந்தக் காடிதான் நினைப்பு. மூக்கு அரித்தால்கூடச் சொறிய ஆள் வர வேண்டும். ஆனால் அரை அங்குலக் காடியைக் கண்ணை மூடிக்கொண்டே எட்டு விதமாக வெட்டிப் பார்க்க முடிந்தது.

நவம்பர் கடைசியில் கூரை நின்றது. ஒரு மணி நேரம் ஒரு பட்டைகூட நகரவில்லை.

"அவ்வளவுதான், முடிஞ்சுது," என்றார் ஆரின்.

"திறங்க பாப்போம்."

அவர் முகட்டைப் பிடித்துத் தூக்கினார். வீடே சேர்ந்து மேலே வந்தது. காடிகள் அவ்வளவு இறுக்கம். அழக்கூட இயந்திரம் மூச்சு விட வேண்டியிருந்தது.

"கொஞ்சம் தளர்த்துங்க ஆரின். தூக்கினா கட்டை மட்டும் வரணும்."

அடுத்த வாரம் தளர்த்திக் கொண்டுவந்தார். அன்று கெட்லரும் கூட வந்தார். தொப்பியைக் கையில் சுழற்றியபடி, கண்ணாடியில் தெரியும் என் முகத்தைப் பார்த்தே பேசினார்.

"நிக்குதுல்ல, பிரமாதம். முகட்டைப் பசை போட்டு ஒட்டிரலாம். ஒரே துண்டா வந்துரும். பிள்ளைங்க தொலைக்காது."

எனக்குள் மூச்சு போய்க்கொண்டிருந்தது. வாயைத் திறந்தால் சத்தம் வராது. அதற்குள் அவர் ஆரினிடம் பசையின் பெயரைச் சொல்லி, தொப்பியை மாட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"அவ பேசணுமாம், நில்லுங்க," என்றாள் திருமதி பிராட்லி. அவளும் தன் மூச்சுக்குக் காத்திருந்துதான் சொல்லியிருக்க வேண்டும்.

கெட்லர் நின்றார்.

"பெட்டியில ஒரு மரப் பொம்மை இருக்குல்ல," என்றேன். காத்திருந்தேன். "கூரையைத் தொடாம அதை உள்ள வைங்க."

வாசல் வழியே முயன்றார். பொம்மை போயிற்று, படுத்தபடி. நிமிர்த்தப் பார்த்தார். விரல் நுழையவில்லை. கொஞ்ச நேரம் குனிந்து குடைந்துகொண்டே இருந்தார். பிறகு கண்ணாடியை விட்டுவிட்டு நேராக என்னைப் பார்த்தார். முகட்டுக் கட்டையை எடுத்தார். பட்டைகள் தளர்ந்தன. பொம்மையைத் தூக்கி நிறுத்தினார்.

"ஒட்ட வேண்டாம்," என்று ஆரினிடம் சொன்னார்.

கூரைக்கு எடுக்கும் காப்புரிமைத் தாளில் என் பெயர் வருமா என்று கெட்லரிடம் கேட்டேன். கம்பெனி பெயரில்தான் போகும், அதுதான் வழக்கம் என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. கேட்க எங்கே எழுந்து போவது?

கிறிஸ்துமஸுக்குள் நாளுக்கு இருபது நிமிடம் என்னை வெளியே எடுத்தார்கள். ஏப்ரலில் வீட்டுக்கு வந்தேன். திருமதி பிராட்லி வரவில்லை. பிப்ரவரியில் சளி நெஞ்சில் இறங்கி இறந்துவிட்டாள். என் கைகளுக்கு அசைவு திரும்பவில்லை. தொழிற்சாலையில் இப்போது வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் சொல்கிறேன், ஒரு பெண் தட்டச்சு செய்கிறாள்.

போன மாதம் டுலூத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தாள்: மகள் கூரையை ஓயாமல் கழற்றுகிறாள், கழற்ற முடியாதபடி ஏதாவது செய்யக் கூடாதா?

"என்ன எழுதட்டும்?" என்றாள் தட்டச்சுப் பெண்.

"கழற்றணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கோம்னு எழுது. அவ கழற்றட்டும்."

"காரணம் கேப்பாங்களே?"

"கேட்டா அப்ப பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கடிதத்தைப் படிக்கச் சொன்னேன்.