ஒன்பதாம் நம்பர் காட்டின் சிவப்பு

அழகுமலை பூச்சிமருந்தைத் திருடி விற்கிறான் என்ற பேச்சு திங்கட்கிழமை காலை பெரட்டுக் களத்தில் கிளம்பியது. ஆஜர் எடுத்து ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் அந்த இடத்தில், இருநூறு பேர் முன்னால், சூப்பர்வைசர் மிக்கேல்ராஜ் ஒரு தேயிலைக் கொப்பைத் தூக்கிக் காட்டினார். இலைகள் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் இருந்தன. மேலே மிளகாய்ப்பொடி சிந்தியதுபோலச் சிவப்புச் சிலந்திப் பூச்சி.

"முந்தாநாள் மருந்தடிச்ச ஒம்பதாம் நம்பர் காடு இது. பூச்சி உசுரோட மேயுது. மருந்து எங்க போச்சு மேஸ்திரி?"

"அடிச்சிருக்கு சார். ஒரு வரிசை விடல," என்றான் அழகுமலை.

"தண்ணிய அடிச்சிருப்ப. மருந்து குமுளிப் பக்கம் ஏலக்காட்டுக்குப் போயிருக்கும்."

வண்டிப்பெரியாறுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் அழகுமலையைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லலாம். முன்கோபக்காரன், சீட்டாட்டத்தில் தோற்றால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வான், மாமனார் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பிடாமல் எழுந்து வந்தவன். எல்லாம் உண்மை. ஆனால் வேலையில் அவனைப்போல் ஒருத்தன் கிடையாது. ஏழு வருஷமாக மருந்தடிக்கும் கூட்டத்துக்கு அவன்தான் மேஸ்திரி. மற்ற மேஸ்திரிகள் வெயில் ஏறியதும் ஓடையோரத்து வரிசைகளை விட்டுவிட்டு நிழலில் சாய்வார்கள். அழகுமலை ஓடைக்குள் இறங்கி நின்று கடைசிச் செடியையும் நனைக்க வைப்பான். அவன் கூட்டத்து ஆட்கள் அதற்காகவே அவனைத் திட்டுவார்கள். அப்படிப்பட்டவனைத் திருடன் என்றால் எப்படி இருக்கும்?

வெள்ளிக்கிழமை கம்பெனியின் பூச்சி ஆபீசர் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டார்கள். டிரம்மில் இருக்கும் மருந்து சரியாகவே இருக்கட்டும், காட்டில் பூச்சி சாகவில்லையே, அதற்கு என்ன காரணம் சொல்வது? ஆபீசர் அவனுக்கு எதிராக எழுதினால் வேலை போகும். வேலையோடு எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். மனைவி ராமுத்தாயும் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு அவன் பின்னால் மலையிறங்க வேண்டியதுதான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராமுத்தாய் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "ஒண்ணு சொல்லுறேன், கத்தக் கூடாது. சாமிச்செடியிலயும் செவப்பு இருக்கு."

"வாயக் கழுவு."

"கண்ணால பாத்தேன். போன வெள்ளிக்கிழம வெளக்குப் போடப் போனப்ப பாத்தேன். வெளிய சொன்னா என்னய அடிக்க வருவாங்க."

மாடசாமி கல்லைச் சுற்றி நாற்பது தேயிலைச் செடிகள் உண்டு. ஓடைக்கு அந்தப் பக்கம், சோலை மரங்களுக்கு நடுவே. அங்கே மருந்து போகாது. சாமிக்கு நாற்றம் ஆகாது என்று ஆதியிலேயே ஏற்பாடு. பெண்கள் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் சாக்கை ஓடைக்கு இந்தப் பக்கமே அவிழ்த்துப் போட்டு, கைகால் கழுவித்தான் தாண்டுவார்கள். கொழுந்தும் வருஷத்துக்கு ஒருமுறை, கொடைத் திருவிழா நாளில், சாமிக்குப் படைக்கும் தேயிலைக்காக மட்டும்தான் எடுப்பார்கள். அந்தச் செடிகளைச் சிவப்பு அண்டாது, அது மாடசாமியின் காவல் என்பது எஸ்டேட் முழுக்க நம்பிக்கை. கொடை வருவது ஆடி மழையில். மழைக்காலத்தில் எந்தச் செடியிலும் சிவப்பு அவ்வளவாக இருக்காது. மாசி வெயிலில் போய் இலையைப் பார்த்தவர்கள்தான் யாரும் இல்லை.

அழகுமலை கத்தவில்லை. சோற்றைப் பிசைந்த கையை எடுத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "அந்தப் பூச்சி நம்ம மருந்தப் பாத்ததே இல்ல, என்ன?"

"எப்பிடிப் பாக்கும்?"

"மருந்து நல்லதுன்னா அது சாகணும்ல?"

வெள்ளிக்கிழமை வந்த பூச்சி ஆபீசரின் பெயர் வெங்கடேஸ்வரன். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. டிரம்மிலிருந்து ஒரு குப்பி மருந்து எடுத்து மூடியில் அரக்கு வைத்தார். அடுத்து ஒன்பதாம் நம்பர் காட்டுக்குக் கிளம்பினார். அப்போது அழகுமலை வாழையிலைப் பொட்டலத்தோடு குறுக்கே போய் நின்றான்.

"சார், நீங்களே ஒரு புது டின்ன ஒடைங்க. நீங்களே கலக்குங்க. நான் தொடல. இதுல ரெண்டு வகை எல இருக்கு. ஒண்ணு ஒம்பதாம் நம்பரு. இன்னொண்ணு மருந்தே படாத எடம்."

"மருந்தே படாத இடம் இந்த எஸ்டேட்டில் எங்கே இருக்கு?" என்று மிக்கேல்ராஜ் குறுக்கிட்டார். ராமுத்தாய் பின்னாலிருந்து சொன்னாள். "சாமிச்செடி சார். குளிச்சு, சாமிகிட்ட உத்தரவு கேட்டுத்தான் பறிச்சேன்." சுற்றி நின்ற பெண்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கொடை அல்லாத நாளில் அங்கே கை வைத்தது சின்னக் காரியம் அல்ல.

வெங்கடேஸ்வரன் இரண்டு இலைகளையும் கண்ணாடியில் பார்த்தார். "ஒரே ஜாதிப் பூச்சியாக்கும்," என்றார். புது டின் உடைந்தது. அவரே அளந்து, அவரே கலந்து, இரண்டு பீங்கான் தட்டில் பரப்பிய இலைகளின் மேல் ஒரே அளவாகத் தெளித்தார். தட்டுகளை ஆபீஸ் அறையில் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்தபோது சாமிச்செடி இலையில் பூச்சிகள் சுருண்டு கிடந்தன. ஒன்றிரண்டு மட்டும் அசைந்தன. ஒன்பதாம் நம்பர் இலையில் முக்கால்வாசி உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தது. மிக்கேல்ராஜ் கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். மன்னிப்புக் கேட்பதற்கு அவர் வாய் பழகியதல்ல.

அழகுமலைக்குக் கண் கலங்கியது. அதை மறைக்க ஒரு கேள்வி கேட்டான். "சாராயம் குடிக்கிறவனுக்குப் பழகுறாப்ல பூச்சிக்கு மருந்து பழகிருச்சா சார்?"

"இல்லை கேட்டேளா. எந்தப் பூச்சியும் பழகலை. சாகறது செத்தே போச்சு." வெங்கடேஸ்வரன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏழு வருஷம் முன்னாடி, இதே மருந்து இங்கே வந்தப்போ, ஆயிரம் பூச்சியில் ஒண்ணோ ரெண்டோ இந்த மருந்தைத் தாங்கற பிறப்பா இருந்திருக்கும். மருந்து வரதுக்கு முன்னாடியே அப்படித்தான். அப்போ அதனால அதுக்கு ஒரு லாபமும் இல்லை. நீங்க அடிச்சேள். மத்ததெல்லாம் போச்சு. மிச்சமான அந்த ஒண்ணு ரெண்டுதான் முட்டை போட்டது. குட்டியும் தாங்கும். மறுபடி அடிச்சேள். அதுக்கு ஒரு மாசத்தில் ரெண்டு தலைமுறை ஆயிடும். ஏழு வருஷத்தில் எத்தனை தலைமுறைன்னு நோக்குங்கோ."

"அப்ப சாமிச்செடில?"

"அங்கே யாரும் மருந்தடிச்சு, தாங்கறதை மட்டும் பொறுக்கி எடுக்கலை. பழையது பழையபடி இருக்கு."

அழகுமலை ஒன்பதாம் நம்பர் தட்டைப் பக்கத்தில் இழுத்தான். "ஒம்பதாம் நம்பர்ல பொறுக்கி எடுத்தது நானா சார்?"

வெங்கடேஸ்வரன் பூதக்கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு, "ஓடையோரம் நாலு வரிசை விட்டிருந்தா, சாகற வகையும் கொஞ்சம் பிழைச்சு, இதுகளோட சேர்ந்து, மருந்துக்குச் சாகற குட்டியும் பிறந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம் ஆகியிருக்காது. நீங்க ஒண்ணு விடாம அடிச்சிருக்கேள்," என்றார். குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. இருந்தும் திங்கட்கிழமை கேட்ட வசவைவிட இது அழகுமலைக்கு அதிகமாக வலித்தது. திருடன் என்றபோது அவனுக்குக் கோபம் வந்தது. இப்போது கோபப்பட ஆளில்லை.

ஆபீசர் எழுதிக்கொடுத்தார். மேஸ்திரி மேல் தவறில்லை. மருந்தை மாற்ற வேண்டும். புது மருந்து அடிக்கும்போது பத்து வரிசைக்கு ஒரு வரிசை விட வேண்டும். எஸ்டேட் மேனேஜரான பெரிய துரை முதல் இரண்டையும் ஒப்புக்கொண்டார். மூன்றாவதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டார். காசு கொடுத்து மருந்து வாங்கி, பூச்சிக்குத் தீனியும் போடுவதா என்று கேட்டாராம்.

மூன்றாம் வாரம் புது மருந்து வந்தது. மிக்கேல்ராஜ் டிரம்மைத் தட்டிக் காட்டினார். அவர் குரலில் இப்போது மரியாதை இருந்தது. "நீ இருக்கறப்ப எனக்குக் கவல இல்ல மேஸ்திரி. ஒன் வழக்கப்படி அடி. ஒரு செடி விடாத."

"சரி சார்," என்றான் அழகுமலை.

ஒன்பது வரிசை நனைந்தது. பத்தாவது வரிசைக்குக் குழாயைத் திருப்பியவனின் கையை அழகுமலை பிடித்து நிறுத்தினான்.

"இத விடு. அடுத்ததுக்குப் போ."

"யாராச்சும் பாத்தா, மருந்த வித்துட்டோம்பாங்க மேஸ்திரி. இந்தத் தடவ தப்ப முடியாது."

"தெரியும்," என்றான் அழகுமலை. "போ."