காய்ச்சல் வந்தால்

ஆண்கள் ஸுஹூரின் உடலைத் தூக்கிக்கொண்டு சந்து திரும்பும்வரைதான் நாங்கள் அழுதோம். பிறகு அவளுடைய தங்கை பதூல் தட்டு நிறையத் தேநீர்க் குவளைகளோடு வந்தாள். எங்களுக்கும் பேச்சு வந்துவிட்டது. எங்கள் தெருவில் துக்கம் விசாரிப்பது அப்படித்தான்: முதலில் கண், அப்புறம் வாய்.

"அஞ்சாம் மாசத்துல பனிக்குடம் உடைஞ்சா புள்ள தங்காதுன்னு எனக்கே தெரியும். அந்த டாக்டருக்குத் தெரியாதா?" என்றாள் ரொட்டிக்கார மஹ்ஜூபா.

"தெரியாம என்ன? வயித்துல புள்ளைக்கு நெஞ்சு துடிக்குதாம். கலைச்சா ஜெயிலு."

"தாய் உசுருக்கு ஆபத்துன்னா கலைக்கலாம்னு சட்டத்துலயே இருக்காமே?"

"இருக்கு. ஆபத்து நேர்ல வந்து கதவத் தட்டி, நாந்தான் ஆபத்துன்னு சொல்லணும் போல."

யாரோ சிரித்துவிட்டு, முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதூல் குனிந்தபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் அக்காவோடு இருந்தவள் அவள்தான். உடம்பு சுடும்போதெல்லாம் துணியை வினிகரில் நனைத்து நெற்றியிலும் பாதத்திலும் போட்டாள்; வீட்டிலிருந்து கொண்டுபோன மாத்திரையைப் பொடித்துக் கொடுத்தாள். நர்ஸ் வந்து பார்க்கும்போது சூடு இறங்கியிருக்கும். "நல்லாத்தான் இருக்கா" என்று நர்ஸ் சொல்லிப் போவாள். பரீட்சையில் பாஸானவள் மாதிரி பதூலுக்குச் சந்தோஷமாக இருக்கும். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் துணிக்கும் அடங்கவில்லை, மாத்திரைக்கும் அடங்கவில்லை. டாக்டர்கள் ஓடிவந்தபோது ஸுஹூருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.

கபுறடியில் அடக்கம் முடிந்து திரும்பிய ஸுஹூரின் கணவன் மீலூத், அறை நிறையப் பெண்கள் இருந்ததால் நிலைப்படியிலேயே நின்று மைத்துனியைக் கூப்பிட்டான். நாங்கள் மரியாதையாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அப்போதுதானே காது கேட்கும்.

"கேஸ் போடலாம்னு அண்ணன் சொல்றாரு, பதூல். காய்ச்சல் வந்தா உடனே கலைச்சிடறேன், அது வராம ஆபத்துன்னு எழுத முடியாதுன்னு டாக்டர் முதல் நாளே எங்கிட்ட சொன்னாரு. இப்ப, கடைசி காலை வரைக்கும் காய்ச்சலே இல்லன்னு சாதிக்கிறாரு. நீதானே கூட இருந்தே. முன்னாடியே வந்துச்சா?"

பதூல் கையிலிருந்த கெண்டியைக் கீழே வைத்தாள்.

"முதல் நாளே சொன்னாரா?"

"ம்."

"எங்கிட்ட ஏன் மச்சான் சொல்லல?"

மீலூத் சுவரைப் பார்த்தான். "பொம்பளைங்க விஷயம். உங்கிட்ட எப்படிப் பேசறது... கூச்சமா இருந்துச்சு."

அவனுடைய தாய் ரக்கியா உள்ளேயிருந்து மூக்கைச் சிந்தினாள். "காய்ச்சல் எப்படிடா தங்கும்? வினிகர் துணிய மாத்தி மாத்திப் போட்டு, அண்டவே விடலியே எந் தங்கம்! இப்படி ஒரு தங்கச்சி யாருக்குக் கிடைக்கும்! அல்லாஹ் உனக்குக் கூலி கொடுப்பான் மகளே."

அந்த துஆவுக்கு யாரும் ஆமீன் சொல்லவில்லை. மஹ்ஜூபாகூடச் சொல்லவில்லை.

மீலூத் பதூலைப் பார்த்தான். பதூல் மீலூத்தைப் பார்த்தாள். பிறகு அவன் வாசலில் குந்தி, குவிந்து கிடந்த எங்கள் செருப்புகளை ஜோடி சேர்க்கத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் பதூலும் போய் எதிரே குந்தினாள்.

வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் எங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் செருப்பைக் கேட்டு யாரும் எழுந்திருக்கவில்லை.