நானூற்றுப் பன்னிரண்டாம் அறையின் சோஃபா

அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் குதிரைப் பந்தய வாரம் வந்துவிட்டால் அந்த ஹோட்டலில் ஒரு அறைகூடக் காலியாக இருக்காது. வண்டிச் சக்கரம் மாதிரி தொப்பி வைத்த பெண்கள் லிஃப்டுக்குள் பக்கவாட்டில் நுழைந்து போவார்கள். கம்பளத்தில் அவர்கள் உதிர்த்துவிட்டுப் போகும் இறகுகளைப் பொறுக்குவதற்குள் அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். இறகையாவது பொறுக்கிவிடலாம். டவலுக்கு எங்கே போவது?

அங்கே டவல் எப்போதுமே பற்றாது. கிழிந்து கழிந்ததற்குப் பதிலாகப் புதிது வாங்க முதலாளிகளுக்கு மனம் வராது. ஆனால் டவல் வைக்காத அறை முடிந்த அறை ஆகாது. முடிக்காத அறைகள் சேர்ந்தால் அடுத்து ஒன்றிரண்டு நாள் வேலை கிடையாது. அதனால் ஒவ்வொருத்தியும் கிடைக்கிறபோது நாலு டவலை எங்காவது ஒளித்துவைத்துக்கொள்வாள். ஒருத்தி பனிக்கட்டி இயந்திரத்துக்குப் பின்னால், இன்னொருத்தி கூரைப் பலகைக்கு மேலே. வெர்னெட்டாவும் ஒடெஸாவும் கூட்டாக ஒளித்த இடம் நானூற்றுப் பன்னிரண்டில் இருந்த சோஃபா. இழுத்தால் கட்டிலாகும் சோஃபா அது. கம்பி முதுகில் குத்தும் என்பதால் யாரும் அதை இழுப்பதில்லை. எத்தனையோ வருஷமாக அதன் வயிற்றுக்குள்தான் இருவரும் டவல்களை அடுக்கிவந்தார்கள்.

அந்த வருஷம் பந்தயத்துக்கு முந்தின மாதம் வெர்னெட்டாவுக்குச் சூப்பர்வைசர் வேலை கொடுத்தார்கள். சாம்பல் நிற மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டாள். இன்னும் நிரந்தரம் இல்லை. நிரந்தரமானால் சாவி தருகிறேன் என்று ஒரு வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். சமையலறை உள்ள வீடு. அவளும் அவள் மகள் கியாராவும் வாரவாடகை விடுதி ஒன்றில், டிவிக்குப் பக்கத்தில் அடுப்பை வைத்துக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க ஊரார் அறையைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஓர் அறைக்கே போய்ப் படுப்பது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

கோட்டுடன் முதல்முறை பார்த்தபோது ஒடெஸா வண்டியை நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வாங்க மேடம்! நடையே மாறிப்போச்சே. கீழ எதாவது விழுந்தா குனிவீங்களா, ஆள் விட்டு எடுப்பீங்களா?"

"போடி, உன்னைத்தான் விடுவேன்."

"விடு விடு. உன் புது வீட்டுல முதல் கோழி நான்தான் பொரிப்பேன், சொல்லிட்டேன். நீ பொரிச்சா கருக்கிடுவ."

பந்தயத்துக்கு முந்தைய வியாழக்கிழமை காலையில் மேனேஜர் கெல்லர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வரவேற்பில் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. குளித்துவிட்டுத் துடைக்கத் துணியில்லாமல் நிற்கிறோம் என்று விருந்தாளிகள் கத்துகிறார்களாம்.

"யாரோ டவலைப் பதுக்கி வெச்சிருக்காங்க, வெர்னெட்டா. நீயும் அந்தக் கூட்டத்துல இருந்தவதான். எங்க வைப்பாங்கன்னு உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"பார்க்கிறேன் சார்."

"பார்க்க வேண்டாம். மதியத்துக்குள்ள கொண்டுவா. அந்தக் கோட்டு உனக்குப் பொருந்துதான்னு நானும் பார்க்கணுமில்ல?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எல்லா இடமும் அவளுக்குத் தெரியும். பனிக்கட்டி இயந்திரத்தைத் தாண்டி நடந்தாள், கூரைப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள், கை வரவில்லை. அடுத்தவள் வைத்ததைத் தொடுவது திருட்டு. நானூற்றுப் பன்னிரண்டு அப்படியில்லை, பாதி தன்னுடையதுதானே என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டாள். கோட்டு போட்ட நாளிலிருந்து தான் அதில் ஒரு டவல்கூட வைக்கவில்லை என்பதை அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்க அவள் விரும்பவில்லை.

அந்த அறை விருந்தாளிகள் பந்தய மைதானத்துக்குப் போயிருந்தார்கள். சோஃபாவைத் திறந்தாள். பந்தய வாரத்துக்கென்றே சேர்த்ததுபோல் வெள்ளை வெளேரென்று ஓர் அடுக்கு. முழுவதையும் அள்ளி வண்டியில் போட்டு மேலே போர்வையால் மூடினாள். மெத்தையை வழக்கம்போலத் திரும்ப வைத்து, ஓரத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். கீழே போய், பழைய சரக்கறையில் கிடந்தது என்று கெல்லரிடம் சொன்னாள். அவர் எதுவும் கேட்காமல் அவள் தோளைத் தட்டினார்.

மதியம் தாண்டியதும் நாலாவது மாடி நடையில் ஒடெஸா அவளை வழிமறித்தாள். நெற்றி வேர்த்து, மூச்சு இரைத்தது.

"யாரோ நம்ம சோஃபாவைக் காலி பண்ணிட்டாங்கடி. மொத்தமா. எனக்குக் குடுத்த ரூம்ல பாதிக்கு மேல டவல் இல்லாம நிக்குது. நான் என்ன பண்ணுவேன், திரைச்சீலையைக் கிழிச்சு மாட்டவா?"

சொல்லிவிடலாம் என்று வெர்னெட்டாவின் வாய் திறந்தது. வேறொன்றுதான் வெளியே வந்தது.

"ஒருவேளை மாரிபெல் எடுத்திருப்பாளோ? புதுசா வந்த பொண்ணு. நேத்து இந்தப் பக்கம் சுத்திக்கிட்டிருந்தா."

ஒடெஸா வெர்னெட்டாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அதன் ஒரு சக்கரம் நடை முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டே போயிற்று.

சாயங்காலம் ஒடெஸாவின் அறைகளைச் சோதிக்க வேண்டியவள் வெர்னெட்டாதான். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கண்ணாடியில் விரல் தடம் இல்லை. குளியலறைக் கம்பிகள் மட்டும் வெறுமையாக இருந்தன. ஒவ்வொரு அறைக்கும் போனில் இருந்த வேலைப் பட்டியலில் 'அறை முடியவில்லை' என்று அழுத்தினாள். உண்மையைச் சொன்னால் ஒளித்துவைத்ததற்காக ஒடெஸாவின் வேலையே போய்விடும், நான் பேசாமலிருப்பது அவளுக்கும் நல்லதுதான் என்று ஒவ்வொரு கதவாகச் சொல்லிக்கொண்டு போனாள். கடைசிக் கதவு வந்தபோது அந்தச் சமாதானம் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

முடியாத அறைகளைக் கணக்குப் பார்த்து, சனி ஞாயிறு இரண்டு நாளும் ஒடெஸா வர வேண்டாம் என்றார் கெல்லர். வருஷத்திலேயே டிப்ஸ் அள்ளுகிற இரண்டு நாள். பந்தயத்தில் ஜெயித்தவர்கள் தலையணை மேல் நோட்டை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் காசில்தான் ஒடெஸா ஒவ்வொரு வருஷமும் காரின் இன்சூரன்ஸைக் கட்டுவாள். கார் இல்லாவிட்டால் இரண்டு பஸ் மாறித்தான் அவள் வேலைக்கு வர வேண்டும்.

உடை மாற்றும் அறையில் ஒடெஸா செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். வெர்னெட்டா கதவருகே நின்றாள்.

"ஒடெஸா, நான் கெல்லர்கிட்ட பேசிப் பார்க்கட்டுமா?"

"என்னன்னு பேசுவ?"

வெர்னெட்டா கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாரிபெல் எடுத்திருந்தா மெத்தையை அப்படியே வீசிட்டுப் போயிருப்பா," என்றாள் ஒடெஸா, செருப்பின் வாரை இழுத்துக்கொண்டே. குரல் உயரவில்லை. "ஜிப்பைச் சுவர்ப் பக்கமாத் திருப்பி, ஓரத்தை ரெண்டு தட்டுத் தட்டி வைக்கிறவ இந்த ஹோட்டல்ல ஒருத்திதான். எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருக்கேன் உன்னை."

"கியாராவுக்காக..."

"கேட்டிருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேன்டி. அந்தப் பொண்ணு பேரை எதுக்கு இழுத்த?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெர்னெட்டா வழிவிட்ட பிறகே கடந்து போனாள். போகும்போது கோட்டின் மேல் படாமல் ஒதுங்கிப் போனாள்.

வேலை நிரந்தரமானது. வீட்டுச் சாவியும் கிடைத்தது. முதல் ஞாயிறு வெர்னெட்டா கோழி பொரித்தாள். கருகிவிட்டது. கியாரா கருகிய தோலை உரித்துவிட்டுச் சாப்பிட்டாள்.

ஒடெஸா திரும்ப வேலைக்கு வந்தாள், இப்போது பஸ்ஸில். எதிரே வந்தால் "குட்மார்னிங் மேடம்" என்பாள். முன்பு அதே 'மேடத்தில்' இருந்த சிரிப்பு இப்போது இல்லை. ஒருநாள் யாருமில்லாத நேரம் பார்த்து வெர்னெட்டா நானூற்றுப் பன்னிரண்டுக்குள் போனாள். லாண்டரியில் கேட்டு வாங்கிய ஓர் அடுக்கு டவல் அவள் கையில் இருந்தது. சோஃபாவைத் திறந்து உள்ளே வைத்தாள். மறுநாளும் அதன் மறுநாளும் போய்ப் பார்த்தாள். வைத்தது வைத்தபடி இருந்தது.

பனிக்கட்டி இயந்திரத்துக்குப் பின்னாலும் கூரைப் பலகைக்கு மேலும் இப்போது எதுவும் இல்லை. ஆனால் ஒடெஸாவின் அறைகளில் டவல் குறையவில்லை. மாரிபெல்லின் அறைகளிலும் குறையவில்லை. இருவரும் வண்டிகளை ஒட்டி நிறுத்திக்கொண்டு எதற்கோ சிரிப்பார்கள். அவள் வரும் சத்தம் கேட்டால் பிரிந்து போவார்கள்.

அடுத்து ஊரில் ஒரு மாநாடு நடந்து ஹோட்டல் நிரம்பிய வாரத்தில் கெல்லர் மறுபடி கூப்பிட்டார்.

"எங்க வைக்கிறாங்க, வெர்னெட்டா?"

"தெரியாது சார்," என்றாள்.

அவர் நம்பவில்லை. ஆனால் அது உண்மை.