பார்வோனுக்கு ஒரு ஆமென்

1852ஆம் ஆண்டில், கிரிம்பல் துரையின் நெல் தோட்டத்தில் இருந்த ஒரு காலி இரும்புப் பானையைத் தூக்க ஆறு ஆண்கள் தேவைப்பட்டார்கள். உள்ளே பதினோரு வருட ஜெபம் இருந்தது. அமெரிக்காவில், கரோலினாவின் ஆற்றோரத் தோட்டங்களில் கறுப்பின அடிமைகள் தாங்களாகக் கூடி ஜெபித்தால் சாட்டையடி. அதனால் பெண்கள் ஒரு பானையைக் கவிழ்த்து வைத்து அதைச் சுற்றிப் பாடுவார்கள். சத்தத்தைப் பானை வாங்கிக்கொள்ளும். துணி வெளுக்கும் மிண்டாவின் பழைய பானை வாங்கியதை வெளியே விடவில்லை. அதனால் அவள் அதை நிமிர்த்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுக்குத் துரை ஏற்பாடு செய்த ஜெபமும் உண்டு. பொய் சொல்லாதே, சோம்பாதே, துரையின் கோழியைத் திருடாதே என்று பாதிரியார் வருடம் முழுக்கப் பிரசங்கித்தார். கர்த்தர் ஆறு நாள் பாடுபட்டு உலகத்தைப் படைத்தது அந்தக் கோழிகளுக்காகத்தான் என்று அவர் மனதார நம்பினார்.

அந்த அக்டோபரில் மிண்டாவின் பதினான்கு வயது மகள் சூக்கியைச் சவானா நகரத்து அடிமை வியாபாரிக்கு விற்பதென்று முடிவாயிற்று. திங்கட்கிழமை கையெழுத்து. அதற்கு முந்தின நாள் பிஷப்புக்கு விருந்து. பன்றித்தொடை வேகவைக்கப் பெரிய பானை வேண்டும் என்றாள் துரைசானி. மிண்டாவின் பானையைக் கவிழ்ந்தபடியே முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள்.

"நிமித்தினா நம்ம கத முடிஞ்சுதுக்கா," என்றாள் சமையல்காரி பைனா, மிண்டாவிடம். "உங்க குரல்தான் மொதல்ல காட்டிக்குடுக்கும். வாத்து மாதிரி."

"நீ பெரிய குயிலு. வாய மூடிட்டுத் தட்டப் புடிடி."

பானையை நிமிர்த்தினார்கள். நாற்பது பெண்களின் குரல் புகைபோல எழுந்து முற்றத்தை நிறைத்தது. "கர்த்தாவே, பார்வோன் எங்க புள்ளைங்கள விக்கிறான். அவனத் தண்ணியில அமுக்கும்."

பாதிரியார் மண்டியிட்டு, "தேவதூதர்கள்!" என்று கத்தினார். பிஷப் தொப்பியைக் கழற்றினார். தினமும் காலையில் முட்டையை எப்படி வேகவைக்கட்டும் என்று தன்னிடம் கேட்கும் குரலைக் கேட்டுத் துரைசானி கண்ணீர் விட்டாள். "எவ்வளவு சுத்தமான குரல்! பூமியில இப்படி ஒண்ணக் கேட்டதே இல்ல." பைனா பக்கத்திலேயே தட்டுடன் நின்றிருந்தாள். பைபிளில் பார்வோன், அடிமைகளைத் துரத்திப்போய்க் கடலில் மூழ்கிய எகிப்து ராஜா. இந்தப் பார்வோன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடிமை முறையை எதிர்க்கும் வடமாநிலத்தான்தான் என்று பாதிரியார் தாமாகவே சொன்னார். கிரிம்பல் துரை மதுக்கோப்பையை உயர்த்தி, எல்லோரையும்விட உரக்க, "ஆமென்!" என்றார்.

அன்று சாயங்காலம் அவருடைய காலணிக்குள் தண்ணீர் இருந்தது. தரை காய்ந்துதான் கிடந்தது.

"மேல கர்த்தர்கிட்டயும் இந்தத் தோட்டத்து வழக்கந்தான் போல," என்றாள் மிண்டா பைனாவிடம். புருஷனைப் பார்க்க அடுத்த தோட்டத்துக்குப் போவதென்றாலும் துரையின் அனுமதிச் சீட்டு இல்லாமல் முடியாது. "பதினோரு வருசம் சீட்டில்லாமப் பானைக்குள்ள கெடந்த ஜெபம். இன்னைக்குத்தான்டி அந்தாளு ஆமென்னு சொல்லிச் சீட்டக் குடுத்தான்."

திங்கட்கிழமை வியாபாரி நீட்டிய பத்திரத்தில் துரையின் கையெழுத்துக் கரைந்து ஓடியது. மூன்று பத்திரங்கள் கூழானபின் அவன் குதிரையேறிப் போய்விட்டான். சூக்கி அம்மாவுடன் துணி பிழியத் திரும்பினாள். துரையைச் சுற்றி, அவரைச் சுற்றி மட்டும், தண்ணீர் ஏறியது. கிறிஸ்துமஸுக்கு முழங்கால், ஈஸ்டருக்கு இடுப்பு. வைத்தியர் இரத்தம் எடுத்தார். பாதிரியார் அதை ஞானஸ்நானம் என்று விளக்கினார். துரைசானி கம்பளங்களைப் பற்றிப் புலம்பினாள். கனவான் என்பதால் துரை கோயிலில் ஆமென் சொல்வதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு ஆமெனுக்கும் ஒரு விரல் ஏறியது. மூன்றாம் வருடம் மோவாயைத் தொட்டபோது விருந்தாளிகளுக்கு அது பழகிப்போயிருந்தது. தங்கள்மேல் தண்ணீர் சிந்தாதிருக்க, குனிந்து பேசாமலிருக்கும்படி மட்டும் அவரிடம் கேட்டுக்கொண்டார்கள்.

பானை மிண்டாவிடமே திரும்பியது. இப்போது அதை ஒரு கையால் தூக்கலாம். துரையின் சட்டைகளை அதில்தான் வெளுத்தாள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.