வரிசையில் ரீட்டாவின் பெயர்

ராபர்ட்டின் கடையில் ஐந்து நட்சத்திர மோட்டார் ஒன்று மூன்று வருடமாக விற்காமல் கிடந்தது. திருவண்ணாமலை சாலையில் இருக்கும் அந்த மின்சாமான் கடைக்குச் செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் வருவார்கள். அதைத் தடவிப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், பக்கத்தில் இருக்கும் மலிவானதைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நட்சத்திர மோட்டார் கரண்டைக் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் வயலுக்குக் கரண்டு இலவசம். சும்மா கிடைப்பதைக் கொஞ்சமாகக் குடிக்க எவன் ஆறாயிரம் ரூபாய் கூடக் கொடுப்பான்?

ராபர்ட் யாரையும் வற்புறுத்தியதில்லை. மின்பொறியியல் படித்தவன். வாங்குகிறவனுக்குத் தனக்கு எது வேண்டும் என்று தெரியும். விலை உண்மையாக இருந்தால் மனிதனும் ஒழுங்காக நடப்பான். விலையை ஒளித்து வைத்துவிட்டு மனிதனைத் திட்டிப் பயனில்லை. இதுதான் அவன் கட்சி. முன்பெல்லாம் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைப் பேசுவான். போன ஆவணியில் மனைவி ரீட்டா இறந்த பிறகு கூட்டத்துக்குப் போவதை விட்டுவிட்டான். டெங்கு. ஆறே நாள். அவனுக்கு முப்பத்தொரு வயது. காலையில் கடையைத் திறந்தான், சாயங்காலம் மூடினான், மாடி ஏறிப் படுத்தான். ஆறு மாதம் இப்படியே ஓடியிருந்தது.

மாசி மாதம், ஒரு புதன்கிழமை நாலரை மணிக்கு அனந்தநாதன் வந்தார். மேல்சித்தாமூர்க்காரர். சமணக் குடும்பம் என்பதால் ஊருக்கு அவர் நைனார். அனந்தபுரம் பக்கத்தில் எட்டு ஏக்கர் நிலமும், எந்தக் கோடைக்கும் அசையாத ஒரு கிணறும் அவருக்கு உண்டு. அடுத்த வரப்பில் ராபர்ட்டின் மாமனார் அமிர்தசாமி ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை போடுகிறார். அந்தத் துண்டிலும் கிணறு இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இறைக்கக் கரண்டு இணைப்புதான் இல்லை. டீசல் எஞ்சின் வைத்தால் விளைந்த நிலக்கடலையை எஞ்சினே தின்றுவிடும். அதனால் நைனாரின் மோட்டாரிலிருந்து தண்ணீர் வாங்குகிறார். விலை, விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு.

"மோட்டாரு பொகைஞ்சி பூட்சி தம்பி. நேத்துலேர்ந்து சொட்டுத் தண்ணி இல்ல."

"பத்து எச்பிதானே போட்டிருந்தீங்க?"

"ஆமா. இப்ப ஏழரை குடு, போதும்."

ராபர்ட் பெட்டியை முன்னால் இழுத்தான். பழக்க தோஷத்தில் கை நட்சத்திர மோட்டார் பக்கமும் நீண்டது.

"இது இன்னும் இங்கயே குந்திக்கினு இருக்குதா? இது பேருல ஒரு ரேசன் கார்டு போட்டுடுப்பா."

"யூனிட்டுக்கு ஒரு ரூபா வெச்சாங்கன்னா மறுநாளே வித்துடும்."

"வெக்கச் சொல்லு. நானும் தண்ணி வெலைய வெளைச்சல்ல பாதின்னு ஏத்திடறேன். உங்க மாமனாரு யாரைத் திட்டுவாருன்னு பாப்போம்."

"கரண்டு உங்களுக்கு சும்மாதானே வருது? அவருக்கு மட்டும் இன்னாத்துக்கு மூணுல ஒண்ணு?"

"நான் கரண்டா விக்கிறேன்? தண்ணி விக்கிறேன். கெணறு வெட்டினது எங்கப்பன் காசு. இஷ்டம்னா வாங்கு, இல்லாட்டி உடு. இது நீ பேசற பேச்சுதானே?"

அவன் பேசிய பேச்சுதான்.

"எட்டு ஏக்கருக்கும் அவருக்கும் சேத்து ஏழரை எப்படிப் போதும்?"

"அட, அவருக்கு இனிமே நான் எதுக்கு? அந்தாண்ட நெலத்துத் தங்கராசுக்கே கரண்டு கம்பம் நட்டுட்டான். உங்க வீட்டு மனு அவனுக்கு முந்தினது. ஒரு கிராக்கி பூட்சி எனக்கு." சிரித்தவர் சட்டென்று குரலை இறக்கினார். "அந்தப் பொண்ணு பேருல போட்டதுதானே. இருந்து பாக்கக் குடுத்து வெக்கல. லெட்டரு வந்திருக்குமே தம்பி?"

"பாக்கறேன்."

"பாரு. ஃபிட்டர் ஞாயித்துக்கெழமதான் வரான். நான் வரேன், பொழுது சாயறதுக்குள்ள சாப்டாவணும்."

பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு நைனார் போனார். இருட்டிய பிறகு அவர்கள் வீட்டில் ஒரு வாய் சோறு இறங்காது. ராபர்ட் ஷட்டரை இழுத்துவிட்டு மாடிக்குப் போனான்.

கட்டிலுக்கு அடியில் ஒரு மின்விசிறி அட்டைப்பெட்டி இருந்தது. ரீட்டாவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ராபர்ட்டின் அம்மா ஆரோக்கியம் சொன்னாள்: வருசப் பூசை முடியும்வரை அவள் சாமான் எதையும் தொடக் கூடாது. சேலை கொடியிலேயே இருந்தது. சீப்பில் முடி இருந்தது. கடிதங்களைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதை ராபர்ட்டே சேர்த்துக்கொண்டான். அவள் பெயருக்கு எது வந்தாலும் பிரிக்காமல் பெட்டியில் போட்டான். அணைத்து வைத்த அவள் போனும் அதில்தான் கிடந்தது.

பெட்டியைக் கவிழ்த்தான். வங்கிக் கடிதம் இரண்டு. காப்பீட்டுத் தவணை நினைவூட்டல். திண்டிவனத்து ஜவுளிக்கடை ஒன்றின் தீபாவளி வாழ்த்து. எல்லாவற்றுக்கும் அடியில், பழுப்பு உறையில் பதிவுத் தபால். அ. ரீட்டா என்று கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

விவசாய மின் இணைப்புக்கான தங்கள் முறை வந்துள்ளது. தொண்ணூறு நாட்களுக்குள் கிணறும் மோட்டாரும் தயார் நிலையில் உள்ளதாக எழுத்து மூலம் தெரிவிக்கவும். தவறினால் பதிவு நீக்கப்படும்.

தேதியைப் பார்த்தான். கார்த்திகை மாதத்துக் கடிதம். விரல்விட்டு எண்ணினான். தொண்ணூறு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

ரீட்டா அந்த மனுவைப் போட்டபோது அவளுக்குப் பதினெட்டு வயது. அப்பா நிலத்தை அவள் பெயருக்கு எழுதிவைத்த மறுமாதம், தானே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பதினொரு வருட வரிசை. கல்யாணமான புதிதில் ராபர்ட் அதைச் சொல்லிச் சிரிப்பான். "சும்மா குடுக்கறதுன்னு ஒண்ணும் கெடையாது ரீட்டா. காசா வாங்காம வருசமா வாங்கறாங்க."

"வாங்கிக்கட்டும்" என்றாள் அவள். அரசாங்கம் கொடுத்த மிக்சியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கடையில் வரிசையாகப் புது மிக்சி இருந்தும் அவள் அதை மாற்றவில்லை. "எங்க வீட்ல காசு இல்ல, வருசம் இருந்துச்சு. இருக்கறதைத்தானே குடுக்க முடியும்?"

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பணம் கட்டினால் உடனே கொடுக்கிறார்களாமே, கட்டிவிடலாமா என்று கேட்டாள். அப்போது அவனிடம் பணம் இருந்தது. "இவ்ளோ வருசமும் குடுத்துட்டு இப்ப காசும் குடுத்தா, ஒரே சாமானுக்கு ரெண்டு வெலை" என்றான். கணக்கில் தப்பில்லை. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

மறுநாள் காலை கரண்டு ஆபீசுக்குப் போனான். உதவிப் பொறியாளர் பூங்குழலிக்கு அவன் வயதுதான் இருக்கும். கடிதத்தை வாங்கிப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், பிறகு ஒரு கோப்பை எடுத்தார்.

"தேதி முடிஞ்சிருச்சு சார். இவங்க யாரு?"

"என் மனைவி. தவறிட்டாங்க."

பூங்குழலி கடிதத்தை மேசையில் வைத்தார். "இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ரெண்டையும் தேதிக்குள்ள குடுத்திருந்தா பேரு மாத்தி அப்படியே குடுத்திருப்போம். லெட்டர் கைக்கு வரலைன்னு ஏதாவது இருந்தாகூட மேல எழுதிப் பாக்கலாம்." கோப்பிலிருந்து தபால் ஒப்புகை அட்டையைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். "வந்திருக்கு. இது யாரு கையெழுத்து?"

"என்னுது."

அட்டையில் மை கூட மங்கவில்லை. வாங்கியது அவனுக்கு நினைவில்லை. கையெழுத்து மட்டும் நன்றாகவே விழுந்திருந்தது.

"அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு சார். இனிமே புது மனுதான். கடைசியிலேருந்து." கோப்பை மூடினார். "நீங்க சங்கத்துல பேசினதை நான் கேட்டிருக்கேன். இலவசத்தை எடுக்கணும்னு. பணம் கட்டற திட்டம் இருக்கு. சோலார் இருக்கு. உங்களுக்குத் தெரியாததில்ல."

அவர் குத்திச் சொல்லவில்லை. யோசனையாகத்தான் சொன்னார். ராபர்ட் நன்றி சொல்லிவிட்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை அனந்தபுரத்துக்கு வண்டியை விட்டான். அமிர்தசாமி வறண்ட வாய்க்காலில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றிருந்தார். கடலைச் செடி பூத்து விழுது இறங்கும் நேரம். இலைகள் வெயிலுக்கு முன்னாலேயே சுருங்கியிருந்தன.

"வாங்க மாப்ள. சாப்டீங்களா? ஈஸ்டர் வரைக்கும் தவசு காலம், கஞ்சிதான் இருக்குது."

"வேணாம் மாமா."

"நைனாரு மோட்டாரு எரிஞ்சிடுச்சு. ஞாயித்துக்கெழம தண்ணி வுடறேன்றாரு, நமக்குக் கரண்டு வர வரைக்கும். அதான் இதுங்களைப் பாத்து, ரெண்டு நாள் பொறுத்துக்கங்கன்னு சொல்லிக்கினு இருக்கறேன்." சிரித்தார். "தங்கராசு கெணத்தாண்ட கம்பம் பாத்தீங்களா? நமக்கு எப்ப லெட்டரு வரும்?"

ராபர்ட் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். கிழவர் கையைத் துண்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினார். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். பெயர்வரை படித்தார், நிறுத்தினார். முகம் மலர ஆரம்பித்தது. அது முழுதாக மலர்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ராபர்ட்டுக்குத் தோன்றியது.

"கார்த்திகையில வந்துச்சு மாமா. நான் பிரிக்கல. தேதி போயிடுச்சு. ரத்து பண்ணிட்டாங்க."

அமிர்தசாமி கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிக்கவே இல்லியா?"

"இல்ல."

"ஏன் மாப்ள?"

"அவ சாமானைத் தொடக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

சொன்ன பிறகுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று அவனுக்கே கேட்டது.

"அட்ரஸை அவதான் மாத்தினா" என்றார் அமிர்தசாமி. "கல்யாணம் ஆன கையோட. இங்க வந்தா அப்பா, நீ அடுப்புல போட்டாலும் போட்டுடுவ, அங்க படிச்ச மனுசன் இருக்காருன்னு சொன்னா."

மேலே கொக்குகள் இரண்டு ஏரிப் பக்கம் போயின. ராபர்ட் நேற்று இரவே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான்.

"நான் பணம் கட்டிடறேன் மாமா. கடன் வாங்கியாவது. ரெண்டு மூணு மாசத்துல வந்துடும். இல்லாட்டி நம்ம கடையிலேருந்தே சோலார் வெச்சிடலாம்."

"பணம் கட்டலாம்னா அவ இருக்கறப்பவே கட்டியிருக்கலாமே மாப்ள."

கோபம் இல்லை. மல்லாட்டை விலை சொல்வதுபோல் சொன்னார். அவள் தன்னிடம் கேட்டதை அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள் என்பது ராபர்ட்டுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"உங்க காசு உங்ககிட்டயே இருக்கட்டும். அவ பேருல வர வேண்டியது. வேற எதுவும் எனக்கு வேணாம்." கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். "இது எங்கிட்ட இருக்கட்டும்."

வேலமரக் கிளையில் மாட்டியிருந்த சட்டையின் பையில் அதை வைத்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகப் போட்டார்.

"நீங்க கெளம்புங்க. வெயிலு ஏறுது. நான் நைனாரைப் பாத்துட்டு வரணும்."

சனிக்கிழமை நாலு மணிக்கு நைனாரின் மினி வண்டி கடை முன்னால் வந்து நின்றது. ஏழரை எச்பி மோட்டார் பெட்டி, கட்டிய கயிறுகூட அவிழ்க்காமல் பின்னால் இருந்தது.

"எடுத்துக்கோ தம்பி. பத்து குடு."

ராபர்ட் பத்து எச்பி பெட்டியை முன்னால் இழுத்தான். நைனாரே சொன்னார்.

"உங்க மாமனாரு வந்தாரு. எப்பவும்போல தண்ணி வுடணும்னாரு. சரிய்யா, பொண்ணைப் பறிகுடுத்த மனுசன், இந்த வருசம் நாலுல ஒண்ணு குடு போதும்னேன். ஒத்துக்கலப்பா. பேசின வெலை பேசின வெலைதான், தயவு வேணாம்னுட்டாரு. அப்புறம் எனக்கு ஏழரை எப்படிப் பத்தும்?"

"பத்தாது."

"லெட்டரு வழியில எங்கியோ தொலைஞ்சிடுச்சாமே? அவருதான் சொன்னாரு. தபால்ல வரவே இல்லியாம்." நைனார் நட்சத்திர மோட்டாரின் மேல் கையை ஊன்றி நின்றார். "பதினோரு வருசம் காக்க வெச்சி, கடைசியில ஒரு காயிதத்தைக் கொண்டாந்து சேக்கத் துப்பில்ல. நீ சொன்னது சரிதான் தம்பி. அடுத்த கூட்டத்துல இதைப் பேசு. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்."

தெருவில் பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. ராபர்ட் அது போகும்வரை நின்றான்.

"வந்துச்சு நைனாரே."

"இன்னா?"

"லெட்டர் வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினது நான். பிரிக்காம வெச்சிருந்தேன்."

நைனார் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வெளியே, கோட்டை மலைக்கு மேல் வெயில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்தார்.

"பொழுது இருக்குது. தூக்கி வெச்சிடலாம், வா."

பத்து எச்பி பெட்டி கனமானது. ஒரு முனையை நைனார் பிடித்தார், மறு முனையை ராபர்ட் பிடித்தான். வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டிவிட்டு, திருப்பித் தந்த ஏழரையை இழுத்து வந்து நட்சத்திர மோட்டாருக்குப் பக்கத்தில் வைத்தான்.