கண் படாத பிள்ளை

அமெரிக்கக் கல்லூரியிலிருந்து கோச் வருகிற ஞாயிற்றுக்கிழமை, அனுசூயா காலையிலேயே கேசரி கிளறி வைத்துவிட்டு, போண்டாவுக்கு மாவு கரைத்தாள். வரவேற்பறை நாற்காலிகளை இங்கும் அங்கும் நகர்த்தினாள். "என்ன, பொண்ணு பாக்க வர்ற மாதிரி அமர்க்களப்படுத்துற?" என்று கேலி செய்த ஜம்புநாதன், தானே உள்ளே போய் டை கட்டிக்கொண்டு வந்தார்.

பார்க்கப்படப் போகிறவன் அவர்களுடைய மகன் உமாபதி. பதினேழு வயது, பள்ளியில் கடைசி வருடம். மான்ட்ரியலின் மேற்குப் புறத்தில், பியர்ஃபொன்ட்ஸில் பங்களா வாங்கிக் குடிவந்த ஒரு என்ஜினீயரின் பிள்ளை டென்னிஸ் ஆடியிருக்கலாம், செஸ் ஆடியிருக்கலாம். இவனுக்கு லக்ரோஸ் பிடித்துப்போனது. கழியின் நுனியில் கட்டிய வலையில் பந்தை ஏந்திக்கொண்டு ஓட வேண்டும். எதிராளி தன் கழியால் சாத்துகிற சாத்தை வாங்கிக்கொண்டே அதைக் கோலுக்குள் எறியவும் வேண்டும். அனுசூயா ஒரே ஒரு ஆட்டத்துக்குப் போனாள், அதிலும் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணோடு அவள் கேட்டதெல்லாம் ஜனங்கள் உமாபதியின் பெயரைத் தப்புத் தப்பாகக் கத்தியதைத்தான்.

அந்தக் கோடையில் ஒரு போட்டியைப் பார்க்க எல்லை தாண்டி வந்திருந்த ஹாலரன் என்கிற கோச்சின் கண்ணில் அவன் பட்டான். அவர் கல்லூரியில் ஒரே ஒரு இடம் இருந்தது. உமாபதி, இல்லையென்றால் அதே அணியில் ஆடும் லூக், வில்லரே பேட்டைக்காரன். இரண்டு வீட்டுக்கும் போய்ப் பேசிவிட்டு முடிவு சொல்வதாகச் சொல்லியிருந்தார்.

"கம்பு சுத்தறதுக்கெல்லாம் காலேஜ்ல எடம் குடுக்கறானா?" என்று முதலில் நக்கலடித்தவர் ஜம்புநாதன்தான். பிறகு நூலகத்துக்குப் போய்ப் பார்த்ததில், அந்தக் கல்லூரியின் என்ஜினீயரிங் படிப்புக்கு நல்ல பெயர் என்று தெரிந்தது. அன்று இரவே காரில் போகும் வழியை வரைபடத்தில் பென்சிலால் கோடிழுத்து வைத்துவிட்டார். ஆபீசில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. உமாபதியோ வாழ்க்கையில் வேறு எதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அந்த வீட்டில் மூன்று பேருக்குமே அந்த இடம் வேண்டியிருந்தது. இதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்த வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. பெற்ற பிள்ளையைப் பிறத்தியார் முன்னால் புகழக் கூடாது, கண் பட்டுவிடும். பக்கத்து ஊரான லவாலிலிருந்து சிநேகிதி பத்மா வந்து, "உமாபதி கணக்குல ஃபர்ஸ்ட்டாமே!" என்றால், "என்னத்த ஃபர்ஸ்ட்டு, புஸ்தகத்தத் தொட்டே மாசமாச்சு" என்பாள் அனுசூயா. "நீ வேற, எங்க கிரிஜா மட்டும் என்ன கிழிக்கிறா?" என்பாள் பத்மா. இரண்டு பேரும் அவரவர் பிள்ளையை மனசுக்குள் கொஞ்சிக்கொண்டு காபி குடிப்பார்கள். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் உள்ளர்த்தம் தெரிந்திருந்ததால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

அது தெரியாத ஒரு மனுஷர் இப்போதுதான் முதல் தடவையாக வந்து சோபாவில் உட்கார்ந்தார். நல்ல உயரம், வெயிலில் சிவந்த முகம். போண்டாவை ரசித்துச் சாப்பிட்டார். அதன் பிறகு பேச்செல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது.

"உங்கள் மகனுடைய ஆட்டம் என்னை அசத்திவிட்டது" என்றார்.

"சும்மா ஏதோ ஆடுகிறான்" என்றார் ஜம்புநாதன். "இவனைவிட நன்றாக ஆடும் பையன்கள் நிறைய இருக்கிறார்கள்."

கோச் சிரித்தார், தமாஷ் என்று நினைத்துக்கொண்டு. "கடுமையாக உழைக்கிற பையனாகத் தெரிகிறானே?"

"இவனா? சரியான சோம்பேறி. நீங்கள்தான் வளைத்து நிமிர்த்த வேண்டும்."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அனுசூயாவின் பக்கம் திரும்பினார். பெற்றவளாவது ஆதரவாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பார். "நல்ல உடல்வாகு. இரும்பு மாதிரி இருக்கிறான்."

அனுசூயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரும்பு! அதுவும் ஞாயிற்றுக்கிழமை, நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டு. "ஐயோ, அப்படியெல்லாம் இல்லை" என்று பதறினாள். "அடிக்கடி சளி பிடிக்கும். முட்டி வேறு வலி, போன வருடம் முழுக்க அவஸ்தைப்பட்டான்."

போன வருடம் பனிச்சறுக்கில் விழுந்து முட்டியில் சிராய்த்துக்கொண்டான். ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. உமாபதிக்கு இது தெரியும். அம்மா ஏன் சொல்கிறாள் என்பதும் தெரியும், கோச்சுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதும் தெரியும். அந்த அறையில் இரண்டு பக்கமும் புரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் விருந்தாளி முன்னால் அப்பா அம்மாவை மறுத்துப் பேசி அவனுக்குப் பழக்கமில்லை. கேசரித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது கோச் அவனை மட்டும் கார் வரைக்கும் அழைத்துப் போனார். நல்ல மனுஷர், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"உன் வாயால் சொல். உங்கள் அணியிலேயே சிறந்த ஆட்டக்காரன் யார்?"

நான்தான் என்று சொல்ல வேண்டும். அது உண்மையும்கூட. அந்தக் கோடையில் அவனை மிஞ்சி கோல் போட்டவர் இல்லை. கேள்வி வரும் என்று தெரிந்து, படுக்கையில் கிடந்தபடி அவன் சொல்லிப் பார்த்துக்கொண்ட பதிலும் அதுதான். வாயைத் திறந்தான்.

"லூக் நன்றாக ஆடுவான்" என்றது வாய்.

"முட்டி?"

"பரவாயில்லை."

கோச் அவன் தோளில் தட்டிவிட்டுக் காரைக் கிளப்பினார். வீட்டுக்குள்ளே அனுசூயா பரம சந்தோஷத்தில் இருந்தாள். "நல்லபடியா முடிஞ்சுதுங்க. ரெண்டு போண்டா கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."

முதல் பனி விழுந்த வாரத்தில் தொலைபேசி வந்தது. ஜம்புநாதன் எடுத்தார். "அப்படியா... ரொம்ப சந்தோஷம்... மிக்க நன்றி" என்றார். அங்கே சாலைகளில் பனி அதிகமா என்றுகூட விசாரித்தார். ரிசீவரை வைத்துவிட்டு, "அந்த லூக் பையனை எடுத்துக்கிட்டாங்களாம்" என்று சொல்லிவிட்டு, கார் வெளியே போக வழியில்லை என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெகுநேரம் அவர் உள்ளே வரவில்லை.

உமாபதிக்கு ஒன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தான், வரவில்லை. கோபம் வந்தாலும் தேவலை என்றிருந்தது, அதுவும் வரவில்லை. பல் பிடுங்கப் போனவனின் உதடு மாதிரி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. பள்ளிக்குப் போனான், வந்தான். பஸ்ஸில் தூங்காமலே இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பனியில் திரும்பி நடந்து வந்தான். கழி கட்டிலுக்கு அடியில் போயிற்று.

லூக் பள்ளி வராந்தாவில் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "நீ என்னைப் பற்றி நல்லபடியாகச் சொன்னாயாமே, கோச் சொன்னார். மெர்சி!" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். அவன் வீட்டில் எப்படி நடந்ததென்றும் சொன்னான். அவனுடைய அப்பா, கியூபெக்கிலேயே என் மகனைப் போல ஒருத்தன் கிடையாது என்று கோச்சிடம் மேஜையைத் தட்டிச் சத்தியம் செய்தாராம். வெட்கமாகப் போய்விட்டதாம் லூக்குக்கு. உமாபதி அவனோடு சேர்ந்து சிரித்தான்.

பையன் இப்படிப் பேயறைந்த மாதிரி திரிவதை அனுசூயாவால் பார்க்க முடியவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அவனைச் சமையலறையில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தாள். கையில் உப்பும் வற்றல் மிளகாயும்.

"வேணாம்மா."

"பேசாம இரு. அந்த மைதானத்துல அத்தனை பேரும் உன் பேரச் சொல்லிக் கத்துனாங்களே, காதால கேட்டேன். அந்தாளு வேற இரும்புன்னுட்டாரு. கண்ணு பட்டுத்தான்டா கைக்கு வந்தது நழுவிப் போச்சு."

அவன் உட்கார்ந்தான். ஜம்புநாதன் இதையெல்லாம் நம்பாதவர், ஆனாலும் செய்தித்தாளோடு கதவருகில் வந்து நின்றார். அனுசூயா அவன் தலையைச் சுற்றி, மூன்று தடவை துப்பச் சொல்லி, மின்சார அடுப்பில் பழுத்திருந்த கம்பிச்சுருள் மேல் கையிலிருந்ததைப் போட்டாள். கண் பட்டிருந்தால் எத்தனை மிளகாய் போட்டாலும் கமறாது. படாவிட்டால் நெடி ஆளைத் தூக்கும். சென்னையில் இருந்தாலும் சரி, மான்ட்ரியலில் இருந்தாலும் சரி, இது அவளுக்குச் சட்டம்.

உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் சுருண்டு கறுத்தது. முதலில் ஜம்புநாதன் தும்மினார். பிறகு அனுசூயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள். குளிருக்கு இறுக்கி மூடிய இரட்டை ஜன்னல் வீட்டில் நெடி போக வழியில்லாமல் நெஞ்சை அடைத்தது.

"கமறுதே" என்றாள் அனுசூயா.

அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அவர் தும்மலை மறந்து செய்தித்தாளை மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார். யார் கண்ணும் படவில்லை என்று மூன்று பேருக்கும் தெரிந்துவிட்டது. அப்படியானால் வேறு என்னதான் காரணம் என்பதும் தெரிந்துவிட்டது.

ஜம்புநாதன் போய் வாசல் கதவைத் திறந்தார். குளிர்காற்று உள்ளே வந்து புகையைத் துடைத்துக்கொண்டு போனது. அவர்கள் இருவருக்கும் கண் எரிச்சல் நின்றுவிட்டது. உமாபதிக்கு மட்டும் நிற்கவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே, இத்தனை வாரமாக வராததெல்லாம் சேர்ந்து வர, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

அனுசூயா எதிரில் மண்டியிட்டு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "அத்தனை பேர்லயும் நீதான்டா ஒசத்தி" என்றாள். அவன் முகத்துக்கு நேரே அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சொன்ன வாய் மூடுவதற்குள், பழக்கத்தில், கண்ணேறு கழிக்க அவள் கைகள் இரண்டும் அவன் முகத்தை வழித்து நெட்டி முறிக்கக் கிளம்பின. பாதி வழியில் நின்றன. பிறகு அவள் அவற்றை மெதுவாகத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.